வானத்தை வெறுமையாக விட்ட அட்டை

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தன்று மைதானத்தில் விற்கும் புரோகிராம் புத்தகங்களின் முகப்புப் படங்கள்மேல் எனக்குத் தீராத ஆசை. காலவாரியாக ஒவ்வொரு பாணியிலும் ஓர் அட்டை வரைந்துபார்க்கத் தொடங்கி இது நான்காவது வாரம்.

முதலில் 1900களின் பாணி. அகலத் தொப்பி அணிந்த பெண், கையில் கல்லூரிக் கொடி. யேல் என்றால் நீலம், ஹார்வர்டு என்றால் கருஞ்சிவப்பு. பேனாக் கோடும் இரண்டு நிறமும் போதும்; ஒரே மாலையில் முடிந்துவிட்டது.

இரண்டாவதுதான் வாட்டி எடுத்தது. 1930, 40களில் ஓவியர் லான் கெல்லர் தீட்டிய அட்டைகளைப் பார்த்து வரைந்தேன். பந்தை விலாவோடு அணைத்தபடி ஒருவன் நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறான். பழக்கதோஷத்தில் முகத்துக்குக் குறுக்கே தலைக்கவசக் கம்பி போட்டுவிட்டேன். அது பரவலானது 1950களில்தான். கல்லூரி ஆட்டங்களில் தலைக்கவசம் கட்டாயமானதே 1939இல்தான். கம்பியை அழித்துவிட்டுத் தோல் தொப்பி வரைந்தேன். ஈரத்தின்மேல் போட்ட வெள்ளைக் கோடு ஊறிக் கறையாகிவிட்டது. பழுப்புப் போஸ்டர் கலர் நன்றாகக் காய்ந்த பிறகு, தையல் ஓரமாக மறுபடி ஒரே இழுப்பு. தோல் பளபளத்தது!

பிறகு வானம். மூன்று மணி நேரம் மேகம் மேகமாகத் தீட்டி முடித்தால், மோதும் கல்லூரிகளின் பெயரை எழுத இடமே இல்லை. மூலப் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பலவற்றில் வானம் வெறும் ஒற்றைப் பூச்சு. ஒரே ஓவியத்தைப் பல கல்லூரிகளுக்கு விற்பார்கள். அந்தந்த ஆட்டத்தின் பெயரும் தேதியும் மட்டும் மாற்றி அச்சாகும். அந்த இடத்தை மனத்தில் வைத்துத்தான் ஓட்டக்காரனின் சாய்வையே அமைத்திருக்கிறார்கள். மேகங்களைத் தீட்டியபோது எனக்கு இது உறைக்கவில்லை.

பின்னாளில் வண்ணப் புகைப்படம் அட்டைக்கு வந்தது. நட்சத்திர ஆட்டக்காரரின் சொந்த முகமே அங்கே இடம்பிடித்தது. அந்தக் கல்லூரிக்கு அது பெருமைதான். ஆனால் பெயரில்லாத அந்த ஓட்டக்காரனிடம், டிக்கெட் வாங்கி நுழைந்த எந்தப் பையனும் தன்னையே பார்த்திருக்கலாம். எனக்கு அவனைத்தான் பிடித்திருக்கிறது. அதனால் புகைப்படப் பாணியை ஒதுக்கிவிட்டு அவனிடமே திரும்பிவிட்டேன்.

மூன்றாவது முயற்சி இப்போது மேசையில் காய்கிறது. வானம் முழுக்க வெளிர்மஞ்சள், மேலே நான்கு விரற்கடை இடம். சாய்வெழுத்துக்குப் பென்சில் கோடு இழுத்தாயிற்று. நாளை பெயர் எழுத வேண்டும்.