மீதி வாரங்களின் கணக்கு

3 மார்ச் 2025, திங்கள்

ஆயுள் 80 வயது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 4,170 வாரம். 40 வயதுக்காரருக்குப் பாதி போயிற்று. கணக்குப் போடுவதில் தப்பில்லை. போட்டுவிட்டு அதையே வெறித்துக்கொண்டிருப்பதுதான் கோளாறு.

ஒரு தாளில் 'சாவு பயம்' என்று மட்டும் எழுதி வைத்தால் வேலைக்கு ஆகாது. பிரித்து எழுத வேண்டும். வலியா? நாம் விட்டுவிட்டுப் போகும் ஆட்களைப் பற்றிய கவலையா? செய்யாமல் விட்டதா? அல்லது இல்லாமல் போவதே பயமா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பகலில், கடிகாரம் வைத்து, 15 நிமிடம் போதும். படுக்கையில் வேண்டாம், இரவு 2 மணிக்கு எல்லாப் பயமும் ஒரே உருவத்தில்தான் வரும்.

அண்மையில் யாரையாவது இழந்தவர்கள் இதை இப்போது செய்ய வேண்டாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் இருந்தால் இந்தத் தாளை விட்டுவிட்டு முதலில் மருத்துவரிடம் போக வேண்டும்.

4 மார்ச், செவ்வாய்

வலி: இதற்கென்றே வலி தணிப்பு மருத்துவம் இருக்கிறது. 1967இல் லண்டனில், சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி உடம்போடு நிற்பதில்லை, மனம், உறவு, நம்பிக்கை எல்லாவற்றிலும் பரவுகிறது என்றார். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், நினைவு தப்பினால் யார் முடிவெடுப்பது என்று ஒரே பக்கத்தில் எழுதிவையுங்கள். பலர் எழுதிப் பூட்டி வைத்துவிடுகிறார்கள்; தேவைப்படும் நாளில் சாவி யாரிடம் என்பதே தெரியாது. முடிவெடுக்கப்போகிறவர் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

இல்லாமல் போவது: நாம் இருக்கும்வரை சாவு இல்லை, அது வரும்போது நாம் இல்லை என்றார் பழைய கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸ். தர்க்கம் சரி. பயம் தர்க்கம் கேட்டு வரவில்லையே!

9 மார்ச், ஞாயிறு

செய்யாமல் விட்டது: 'சாவதற்குள் செய்ய வேண்டிய 100' என்ற பட்டியல் மட்டும் போடாதீர்கள். அது புதுக் கடன். கடந்த 7 நாளில் நேரம் போனதே தெரியாமல் இருந்த பொழுதுகளைக் குறியுங்கள். மூன்றோ நான்கோதான் தேறும், அதுவும் பெரும்பாலும் சின்ன விஷயங்கள். ஒன்றைத் தேர்ந்து வாரத்துக்கு அரைமணி கூட்டுங்கள். அந்த அரைமணியை எதிலிருந்து எடுக்கிறோம் என்பதையும் எழுதாவிட்டால் புதன்கிழமையே திட்டம் படுத்துவிடும்.

மீதி நேரம் குறைவு என்று உணர்கிறவர்கள் புது அறிமுகங்களைக் குறைத்து நெருங்கியவர்கள் பக்கம் சாய்கிறார்கள் என்பது உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சனின் கோட்பாடு. அதற்கு முதுமைவரை காத்திருக்க வேண்டியதில்லை.

16 மார்ச், ஞாயிறு

புறநானூறு 192இல் 'யாதும் ஊரே' வரியோடு எல்லோரும் நின்றுவிடுகிறோம். சாதலும் புதிதல்ல என்று சில வரிகளிலேயே வந்துவிடுகிறது. ஆற்றோடு போகும் தெப்பம்போல உயிர் போகும் என்று சொல்லும் அந்தப் பாட்டு ஆறுதலில் முடியவில்லை. பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிகிறது. ஒப்பிடுவதை நிறுத்துவதுதான் அது சொல்லும் வழி.

எனவே போன வாரத் தாளை எடுத்து, பிறர் பார்க்கவேண்டும் என்பதற்காக மட்டும் செய்கிறவற்றை அடித்துவிடுங்கள். மிஞ்சும் நேரத்தை உடனே நிரப்ப வேண்டாம். ஒரு வாரம் காலியாகவே கிடக்கட்டும்.