ஐந்து நிமிடமும் ஓர் ஆடும்

ஜனவரி 6, 2025, திங்கள்

லீவு முடிந்த களைப்பு தீர்வதற்குள் துறைத்தலைவர் ஒரு சுற்றறிக்கையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பாலக்காட்டில் பிப்ரவரி 4 அன்று கல்லூரி மாணவர்களுக்கான ஆங்கிலப் பேச்சுப் போட்டி. பேச 5 நிமிடம், நடுவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு 2 நிமிடம். தலைப்பு ஒரே சொல்: எல்லை. கல்லூரிக்கு ஒருவர்தான். கெஸ்ட் லெக்சரருக்கு இந்த மாதிரி வேலைகள் தானாக வந்து சேரும்.

மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். இரண்டு பையன்களுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. மூன்றாவது, பி.எஸ்.சி. கணிதம் மூன்றாம் ஆண்டுப் பெண். தமிழ்நாட்டை ஒட்டிய எருத்தேம்பதிப் பக்கம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். பெயர் வேண்டாம், இந்தக் குறிப்புகளில் கணக்குப்பிள்ளை என்றே எழுதுகிறேன். ஒரு நிமிடம் பேசச் சொன்னேன். பையன்கள் இருவரும் எங்கோ கேட்ட குரலில் பேசினார்கள். இவள் தப்பும் தவறுமாக, ஆனால் என்னைப் பார்த்துப் பேசினாள். அவளையே அனுப்புகிறேன் என்றேன். துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடி துடைத்தால் என்ன அர்த்தம் என்று டிபார்ட்மென்டுக்கே தெரியும்.

ஜனவரி 8, புதன்

முதல் பயிற்சி. எழுதிக்கொண்டு வந்திருந்தாள், எழுதியது அவள் இல்லை. ‘மரியாதைக்குரிய தலைவர் அவர்களே’யில் தொடங்கி நடுவர்கள், பேராசிரியர்கள், எதிரில் இருக்கும் நண்பர்கள் என்று வணக்கம் சொல்லி முடிக்கவே 40 விநாடி. நம் மேடைப் பழக்கம் அது. பட்டிமன்றத்தில் அவையடக்கம் இல்லாமல் பேசினால் திமிர் பிடித்தவள் என்பார்கள். இங்கே அதே அவையடக்கம் ஐந்து நிமிடத்தில் எட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

உரை மொத்தம் 900 சொற்கள். பதறாமல் பேசினால் நிமிடத்துக்கு 120, 130 சொல்தான் வரும். கணக்கு அவளே போட்டாள். “ஏழு நிமிஷத்துக்கு மேல ஆகும் மிஸ். முந்நூறு சொல்லாவது வெட்டணும்” என்றாள். “வெட்ட வேண்டாம், தூக்கிப் போடு” என்றேன். முகம் சுருங்கிவிட்டது. பாவம், மூன்று நாள் மனப்பாடம் செய்திருக்கிறாள்.

ஜனவரி 10, வெள்ளி

கோயம்புத்தூரில் இருந்த வருடங்களில் ஒரு டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புக்குப் போய்வந்திருக்கிறேன். 1924இல் கலிபோர்னியாவின் சான்டா அனாவில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் ஒன்றில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய கூட்டம் அது. இன்று உலகம் முழுக்கக் கிளை. அவர்கள் போட்டிப் பேச்சுக்கு 5 முதல் 7 நிமிடம். ஐந்தாவது நிமிடம் பச்சை விளக்கு, ஆறாவதில் மஞ்சள், ஏழாவதில் சிவப்பு. ஏழரை நிமிடம் தாண்டினால் ஆட்டத்திலேயே இல்லை. நாலரைக்குக் குறைந்தாலும் அதே கதிதான். ‘ஆ… ம்ம்…’ என்று எத்தனை முறை இழுத்தோம் என்று எண்ணுவதற்கே ஓர் ஆளை உட்கார வைப்பார்கள். என் முதல் பேச்சில் 31.

அவர்களுடைய மதிப்பெண் தாளைக் கணக்குப்பிள்ளைக்கு எழுதிக் காட்டினேன். சொல்லும் விஷயத்துக்கு 50. குரல், உடல், நிற்கும் விதத்துக்கு 30. மொழிக்கு 20. அந்த 20இலும் பாதி இடத்துக்குத் தகுந்த சொல்லுக்கு. பிழையில்லாத இலக்கணத்துக்கு வெறும் 10. அவள் தாளை இரண்டு தரம் பார்த்தாள். “அப்ப இந்தப் பத்துக்காகத்தான் மிஸ் எல்லாரும் இத்தனை பயப்படறமா?” என்றாள்.

நாம் போகும் போட்டியின் தாள் இப்படித்தான் இருக்கும் என்று இல்லை, அதையும் சொன்னேன். ஆனாலும் அவர்களுடைய உலகப் போட்டியில் 2014இல் வென்றவர் இலங்கைக்காரர், தனஞ்சய ஹெட்டியாராச்சி. அடுத்த வருடம் வென்றவர் சவூதியிலிருந்து வந்த முகமது கஹ்தானி, சிறுவயதில் பேச்சே சரியாக வராதவர். இருவரும் தாய்மொழியில் போட்டியிட்டவர்கள் அல்ல.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எங்கள் பாலக்காடு மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. கேரளத்தில் ஆறு மாவட்டங்களுக்குத்தான் இந்தக் கொடுப்பினை.

மாமா திண்ணையில் கரும்பு கடித்துக்கொண்டே கேட்டார்: “கோழிக்கோட்டுக்காரர் கிருஷ்ண மேனன் ஐ.நா.வுல எட்டு மணி நேரம் பேசுனாரு. நீ அஞ்சு நிமிசத்துக்கு ஒரு மாசமா பாடுபடற?” 1957 ஜனவரி 23, 24 தேதிகளில் காஷ்மீர் பற்றிப் பாதுகாப்புச் சபையில் பேசியதைச் சொல்கிறார். சரியாகச் சொன்னால் 7 மணி 48 நிமிடம். “அஞ்சு நிமிஷத்துல முடிக்கச் சொல்லியிருந்தா அவரும் ஒரு மாசம் பாடுபட்டிருப்பாருங்க மாமா” என்றேன். அத்தை உள்ளிருந்து சிரித்தார். பயிற்சியில் நேரம் முடிந்ததும் அடிக்க அவருடைய பூஜை மணியை ஒரு மாதத்துக்கு இரவல் கேட்டேன். கொடுத்துவிட்டார்.

ஜனவரி 17, வெள்ளி

இன்று முழுக்க ஓர் எழுத்தோடு மல்லுக்கட்டு. எல்லை என்பதற்கான ஆங்கிலச் சொல்லை இவள் சொன்னால் ரயில் நிலையத்தில் பெட்டி தூக்குகிறவர் ஆகிவிடுகிறார். இங்கே எழுதிக் காட்டவும் வழியில்லை, ‘போர்டர்’ என்றாலும் ‘போர்ட்டர்’ என்றாலும் முன்னால் நிற்பது ஒரே ‘போ’தான். மலையாளத்தில் ப வரிசைக்கு நாலு எழுத்து. அதனால் அவள் வகுப்புத் தோழிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, சிரிக்க மட்டும் தெரிகிறது. அதே தோழிகள் கோயம்புத்தூர் போய் ‘கோளேஜ்’ என்று வாயைத் திறந்தால் அங்கே வேறு கூட்டம் சிரிக்கிறது. நாங்கள் நடுவில் இருக்கிறவர்கள், இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறோம்.

தொண்டையில் இரண்டு விரலை வைத்துப் பழக்கினேன். ‘பம்பரம்’ சொல்லச் சொன்னேன். முதல் ‘ப’வில் விரலுக்கு ஒன்றும் தெரியாது, நடுவில் வரும் ‘ப’வில் அதிரும். அந்த அதிர்வைத் தூக்கி முன்னால் வை என்றேன். கேன்டீன் அக்கா, நாங்கள் இரண்டு பேரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் தொண்டை வலியா என்று சுக்குக்காப்பி கொண்டுவந்து கொடுத்தார். பதினைந்தாவது முறை சொல் சரியாக வந்தது. பதினாறாவது முறை திரும்பவும் பெட்டி தூக்கினார்.

ஜனவரி 19, ஞாயிறு

கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். வேலந்தாவளம் ரோட்டிலிருந்து உள்ளே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே. சித்தூர் வட்டாரம் கேரளம் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள், மழை மறைவுப் பிரதேசம். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சிய பகுதி என்று அரசுப் பட்டியலிலேயே இருந்திருக்கிறது. போர் போட்டால் புழுதி வருகிறது.

ஆத்தா மோர் கொடுத்தார். ரேஷனில் போடும் ‘மட்ட’ என்கிற சிவப்பரிசியைப் பற்றி அரை மணி நேரம் குறை. “அதுல இட்லி ஊத்துனா எறிஞ்சு நாயத் தொரத்தலாம் டீச்சரம்மா.” பேசிக்கொண்டே ஆட்டை இழுத்துக்கொண்டுபோய்த் தோட்டத்து ஓரத்தில் ஒரு கல்லில் கட்டினார். முழங்கால் உயரக் கல், ஒரு பக்கம் சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்தது. என்ன கல் என்று கேட்டேன்.

“அதுங்களா, மாநில எல்லைக் கல்லுங்க” என்றாள் கணக்குப்பிள்ளை, சாதாரணமாக. கயிறு ஆறடி இருக்கும். ஆடு கேரளத்தில் நின்றுகொண்டு, கழுத்தை நீட்டித் தமிழ்நாட்டில் மேய்ந்துகொண்டிருந்தது.

நான் அவளைப் பார்த்தேன். அவளுக்கும் புரிந்துவிட்டது. இரண்டு வாரமாகப் பெர்லின் சுவரைப் பற்றி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்!

ஜனவரி 28, செவ்வாய்

புதிய உரை 610 சொல். ஆட்டில் தொடங்கித் தண்ணீருக்குப் போகிறது. தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுநீரைப் பங்கிட்டுக்கொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம், 1970. அதன்படி ஆழியாற்றிலிருந்து வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர் பக்கம் வரவேண்டும். வயலுக்கு அது மூலத்தறையிலிருந்து வாய்க்காலில் வரும். தண்ணீர் குறையும் வருடங்களில் இங்கே மறியல், அங்கே மறியல். எல்லையில், கோபாலபுரத்தில் லாரிகள் நிற்கும்.

கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை எடுப்பதை எதிர்த்துப் போராட்டம் நடந்த ப்ளாச்சிமடையைச் சேர்க்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். அந்தப் போராட்டத்தை முன்நின்று நடத்திய மயிலம்மா மீது மரியாதைக் குறைவு இல்லை, ஒரு பன்னாட்டுக் கம்பெனியை எதிர்த்து நின்ற மனுஷி. ஆனால் பாலக்காட்டில் பேச்சுப் போட்டி என்றால் நாலு பேராவது அதைத்தான் பேசுவார்கள்.

டி.எம்.சி. என்றால் நடுவருக்கு என்ன புரியும் என்று கேட்டேன். ரெக்கார்டு நோட்டின் பின்னட்டையில் கணக்குப் போட்டாள். ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரியில் ஏற்றினால் 7.25 டி.எம்.சி.க்கு 1 கோடியே 71 லட்சம் லாரி. “எங்க தெருவுக்கு வாரத்துக்கு ஒரு லாரி வரும் மிஸ்” என்றாள். அந்த வரியோடு அந்தப் பத்தி முடிகிறது. எனக்கு உரையிலேயே பிடித்த இடம்.

பூஜை மணி வைத்து ஏழு முறை. கடைசி முறை 4 நிமிடம் 52.

பிப்ரவரி 4, செவ்வாய்

இருபத்திரண்டு பேர். இவள் பதினான்காவது. ப்ளாச்சிமடை மூன்று. ஒரு பையன் அச்சு அசல் அமெரிக்கக் குரலில் பேசினான், பக்கத்தில் இருந்த ஒரு டீச்சர் வியந்து போனார். கீழே வந்ததும் அவனே ஃபோனில் அம்மாவிடம் நல்ல ஒற்றப்பாலத்து மலையாளத்தில் பேசியதைக் கேட்டேன். எவ்வளவு அழகான குரல் அது, அதை ஏன் வீட்டில் விட்டுவிட்டு வந்தான்?

கணக்குப்பிள்ளை மைக்கைத் தாழ்த்தக்கூட இல்லை, அது நெற்றிக்கு நேராக நின்றது. வணக்கம் ஒரே வரி. “எங்கள் ஆட்டுக்கு இரண்டு மாநிலம்” என்று ஆங்கிலத்தில் சொன்னதும் அரங்கம் சிரித்தது. அவள் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள், அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லை என்ற சொல் ஐந்து முறை வந்தது. நாலு முறை எல்லை, ஒரு முறை பெட்டி.

மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது, எச்சரிக்கை மணி அடித்தது. நாலாவது நிமிடம் அடிக்க வேண்டிய மணி. நேரம் பார்த்த ஆள் கைபேசியில் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. அவள் கண் ஒரு கணம் என்னைத் தேடியது. என் கடிகாரத்தைக் காட்டி ‘பேசு’ என்று சைகை செய்தேன், அவளுக்குத் தெரியவில்லை. லாரிப் பத்தியை முழுதாக விட்டுவிட்டு முடிவுக்குத் தாவினாள். 3 நிமிடம் 50இல் உட்கார்ந்தாள்.

கேள்வி நேரம். வெள்ளைத் தாடி நடுவர், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். “அப்படியானால் தமிழ்நாடு உங்களை ஏமாற்றுகிறது என்கிறீர்களா?” என்றார். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். பதினோரு விநாடி. (எண்ணிக்கொண்டிருந்தேன், வேறென்ன செய்ய?) பிறகு, “நான் இரண்டு பக்கத்தையும் சேர்ந்தவள், சார்” என்றாள். அவ்வளவுதான். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் மிச்சம்.

பரிசு இல்லை. முதல் பரிசு திருச்சூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு. அப்பாவும் பெரியப்பாவும் வீட்டுக்கு நடுவே எழுப்பிய சுவர், அதில் பாட்டி உடைக்கச் சொன்ன ஒரு செங்கல் அகல ஓட்டை. குரலை உயர்த்தவே இல்லை. கொடுத்தது சரிதான், நான் நடுவராக இருந்தாலும் அவளுக்குத்தான் போட்டிருப்பேன்.

மணி விஷயத்தைப் பொறுப்பாளரிடம் சொன்னேன். அடுத்த தடவை பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வாய் திறக்காமல் வந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன், இல்லை. நாட்டுக்கல் தாண்டியதும் என் கையைப் பிடித்தாள்.

“மிஸ், அந்த சார் கேட்டதுக்கு இப்பத்தான் பதில் வந்துச்சு. ஏமாத்தறாங்களான்னு கேக்கறாங்க. மழை நல்லா பேஞ்ச வருசம் ரெண்டு பக்கமும் யாரும் அந்த ஒப்பந்தத்த எடுத்துப் பாக்கறதே இல்ல. வறட்சி வந்தாத்தான் தேடி எடுத்துப் படிக்கறாங்க. அப்பப் படிச்சா சண்டைதானுங்களே வரும்?”

முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். “நெசந்தான் அம்முணி” என்றார். டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்ணாமடைக்கு இன்னும் எத்தனை நேரம் ஆகும் என்று கண்டக்டரிடம் கேட்கப் போய்விட்டார்.

பிப்ரவரி 5, புதன்

துறைத்தலைவர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைத் துடைக்கவில்லை. “ஆடு நல்லாயிருக்கே” என்றார்.

பிப்ரவரி 7, வெள்ளி

மதிய இடைவேளையில் கணக்குப்பிள்ளை ஒரு தாளோடு வந்தாள். பஸ்ஸில் சொன்ன பதில், ஆங்கிலத்தில். அடுத்த போட்டி எங்கே, எப்போது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. மணியை எடுக்கச் சொன்னாள். அத்தை இன்னும் திருப்பிக் கேட்கவில்லை, பையில்தான் கிடந்தது.

படித்தாள். 1 நிமிடம் 25 விநாடி.

“முப்பத்தஞ்சு செகண்ட் மிச்சம் இருக்குங்க மிஸ். லாரிக் கணக்க இதுல வெச்சுக்கலாமா?”

வைத்துப் பார்த்தோம். 2 நிமிடம் 4 ஆனது. எந்த நாலு விநாடியை வெட்டுவது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. இது கல்லூரி மணி, இரண்டு மணி வகுப்புக்கு.