எட்டுப் படங்களைச் சுவருக்குக் கொண்டுவந்த கதை

ஒக்டோபர் நடுப்பகுதியில் திருகோணமலை நகரின் மண்டபமொன்றில் நடந்த ஓவிய, ஒளிப்படக் கண்காட்சிக்கு எட்டு நிலக்காட்சிப் படங்களைத் தருவதாக ஆவணி மாதத்திலேயே ஒப்புக்கொண்டிருந்தேன். குளிர்நாடுகளில் இதே பருவத்தில் நடப்பவற்றை இலையுதிர்காலக் கண்காட்சி என்பார்கள். நமக்கு ஐப்பசியில் உதிர்வதற்கு மழையைத் தவிர வேறொன்றுமில்லை. கச்சான் காற்று அடங்கியபின், மாரி தொடங்குமுன் கிடைக்கும் அந்தச் சில வாரங்களுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடவேண்டும் என்பது மட்டுமே அப்போது என்னிடமிருந்த திட்டம்.

படங்களைத் தெரிவது எளிதாக முடிந்தது. உப்புவெளியில் விடிகாலையில் கரைவலை இழுக்கும் காட்சி, கோணேசர் கோயில் நிற்கும் பாறைக்கு அப்பால் எழும் சூரியன், அறுவடை முடிந்த தம்பலகாமத்து வயல், கிண்ணியாப் பாலத்திலிருந்து பார்த்த அந்திநீர் என்று ஏழு படங்கள் தாமாகவே வரிசையில் நின்றன. கிண்ணியாவில் 2009 இல் பாலம் திறக்கப்படும்வரை நாங்கள் 'பாதை' என்று சொல்லும் மிதவையில்தான் அந்த நீரைக் கடந்தோம். அவ்வளவு உயரத்திலிருந்து அதைப் பார்க்கும் கோணமே பாலம் வந்தபின் கிடைத்ததுதான். எட்டாவது படம் மட்டும் இழுபறிப்பட்டது. நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலைத் தீவை எடுத்த அந்தப் படத்தை நான் மிகவும் வெட்டியிருந்ததால் அகலத்தில் 3600 படப்புள்ளிகளே எஞ்சியிருந்தன. வெட்டாத படங்களில் 6000 புள்ளிகள் இருந்தபடியால் 24 அங்குல அகலத்திலும் அங்குலத்துக்கு 250 புள்ளிகள் தேறின. புறாமலையை அதே அளவில் அச்சிட்டால் 150 தான் வரும், கிட்ட நின்று பார்ப்பவருக்குக் கூர்மை குறையும். பெருப்பித்துக் காட்டும் ஆசையை அடக்கி, அதை 15 அங்குலத்துக்குக் குறைத்தேன்.

உண்மையான சிக்கல் கரைவலைப் படத்தில் தொடங்கியது. மடிக்கணினித் திரையில் வலைக்காரர்களின் முதுகும், ஈரமணலில் அவர்களுடைய நிழலும், பின்னால் ஊதாநிறத்தில் கடலும் தனித்தனியே தெரிந்தன. கொழும்பிலிருந்து வந்த மாதிரி அச்சிலோ மனிதர்களும் மணலும் ஒரே கறுப்பாகக் கலந்துகிடந்தன. அச்சுக்கூடத்தை நொந்துகொண்டு தொலைபேசியை எடுத்த பிறகுதான், என் திரையின் வெளிச்சம் எந்நேரமும் உச்சத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது. திரை தானே ஒளிரும். காகிதம் தன்மீது விழும் ஒளியைத் திருப்பித் தருவதோடு சரி. கடன் வாங்கிய அளவீட்டுக் கருவியைத் திரையில் வைத்து, வெளிச்சத்தைச் சதுர மீற்றருக்கு 100 கண்டெலா அளவுக்குக் குறைத்தபோது, அச்சில் கண்ட அதே இருட்டு திரையிலும் வந்துவிட்டது. பிழை அச்சுக்கூடத்தினுடையதன்று, என்னுடையது.

அதன்பின் அச்சுக்கூடம் அந்தக் காகிதத்துக்கென்றே தந்த ஐசிசி புரொஃபைலை, அதாவது அதில் நிறங்கள் எப்படி விழும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்பைப் போட்டு, அச்சு எப்படி வரும் என்பதைத் திரையிலேயே ஒத்திகை பார்த்து, நிழற்பகுதிகளை மட்டும் சிறிது சிறிதாக உயர்த்தினேன். முழுப்படத்தையும் வெளிறச் செய்திருந்தால் விடிகாலை பகலாகியிருக்கும். ஒரே படத்தின் நான்கு அங்குலக் கீற்றுகள் ஐந்தை, ஒன்றைவிட ஒன்று சற்றே வெளிச்சமாக, ஒரே தாளில் அச்சிட்டு வருவித்தேன். அந்தத் தாளை வீட்டில் பார்த்தபோது மூன்றாவது கீற்றே சரியாகப்பட்டது. மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சுவரில் பிடித்தபோது நான்காவதுதான் சரி என்றாயிற்று, ஏனென்றால் அங்கே இருந்தவை உயரமான கூரையில் தொங்கும் நீலம்பாய்ந்த ரியூப் லைட்டுகள் மட்டுமே. ஏற்பாட்டாளர்கள் மஞ்சள் கலந்த ஒளிதரும் எல்ஈடி விளக்குகளைப் படங்களுக்கு நேரே பொருத்த இணங்கியது பெரிய ஆறுதல்; இருந்தாலும் நான்காவது கீற்றையே தெரிந்தேன்.

காகிதத்தில் பளபளப்பானதை வேண்டாமென்றேன். மண்டபத்தின் ஒரு பக்கம் முழுதும் சாளரங்கள். பளபளப்புத் தாளில் பார்வையாளர் தம் முகத்தைத்தான் பார்த்திருப்பார். பருத்தி நாரில் செய்த மங்கல்தாள் கறுப்பை அவ்வளவு ஆழமாகக் காட்டாது, விலையும் கூடுதல். ஆயினும் ஈரமணலின் சொரசொரப்பு அதில் வந்தவிதம் எனக்குப் பிடித்திருந்தது. அச்சுகள் ஒடுங்கிய குழாயொன்றில் இறுக்கிச் சுருட்டப்பட்டு இரவு பஸ்ஸில் வந்துசேர்ந்தன. அவற்றில் ஒன்றின் மூலையில் மடிப்பு விழுந்து மை வெடித்திருந்ததால் மீண்டும் அச்சிடவேண்டியதாயிற்று. இரண்டாம் முறை அகலமான குழாயில், படம் வெளிப்பக்கமாக வரும்படி தளரச் சுருட்டச் சொன்னேன்.

சட்டம் போட்டவர், சாமிப்படங்களுக்கும் கலியாணப்படங்களுக்கும் முப்பது வருடமாகச் சட்டம் போட்டுவரும் ஓர் ஐயா. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் அட்டை வேண்டும் என்று நான் நீட்டி முழக்கத் தொடங்குமுன்பே அவர் குறுக்கிட்டார்.

"பிள்ளை, படம் கண்ணாடியில முட்டினா மாரிக்கு ஒட்டிப்போகும். பிறகு கழட்டேலாது."

சொல்லிவிட்டு, அப்படி ஒட்டிப்போய்த் திருத்தத்துக்கு வந்த பழைய கலியாணப்படம் ஒன்றை எடுத்துக் காட்டினார். மணமகளின் கன்னம் கண்ணாடியோடு வந்திருந்தது. பசை விடயத்தில் மட்டும் நாங்கள் ஒத்துப்போகவில்லை. படம் தட்டையாக நிற்க முழு முதுகிலும் பசை தடவவேண்டும் என்பது அவர் கட்சி. ஈரக்காற்றில் காகிதம் விரியும், விரிய இடமில்லாவிட்டால் அலையலையாக எழும் என்பது என் கட்சி. முடிவில் மெல்லிய ஜப்பானியத் தாளில் இரண்டு கீல்கள் வெட்டி, கோதுமை மாச்சத்துப் பசையால் படத்தின் மேல்விளிம்பை மட்டும் அட்டையில் தொங்கவிட்டோம். அவர் அதை நம்பாத கண்ணோடு பார்த்தார். அடுத்த நாள் அவரே மீதி ஏழு படங்களையும், என்னைவிட நேர்த்தியாக, செய்துவைத்திருந்தார்.

மாட்டுகிற நாளில் வேலை குறைவு. ஒவ்வொரு படத்தின் நடுப்புள்ளியும் தரையிலிருந்து 145 சென்ரிமீற்றர் உயரத்தில் வரும்படி நூல் கட்டி அடையாளமிட்டோம். சிறியதாக இருந்த புறாமலைப் படத்தை வாசலருகே, கிட்ட நின்று பார்க்கக்கூடிய குறுகிய சுவரில் வைத்தோம். கண்காட்சியின் இரண்டாம் நாள் மாலையில் முதல் மழை விழுந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது கரைவலைப் படத்தின் கீழ்விளிம்பு அரும்பொட்டாக முன்வந்திருந்தது. கண்ணாடியைத் தொடவில்லை, மதியத்துக்குள் தானாகவே படிந்தது.

விலைபோகாத ஐந்து படங்களும் இப்போது என் அறையில், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, சிலிக்கா ஜெல் பொதிகளோடு பெட்டியில் நிமிர்ந்து நிற்கின்றன. தை பிறந்து வெயில் ஏறும்வரை பெட்டியைத் திறக்கவேண்டாம் என்பது ஐயாவின் கட்டளை.