சி.ஆர். கொப்பியில் தங்கப் புள்ளிகள்

டொராண்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சாள் எனக்கென்று கொண்டுவந்த இரண்டு மைப்போத்தல்களை ஒரு மாதத்துக்கு மேலாகத் திறக்காமலே வைத்திருந்தேன். ஒன்று ஜே. எர்பன் நிறுவனத்தின் எமரால்ட் ஒஃப் சிவோர், மற்றது டயமைனின் புளூ லைட்னிங். இரண்டும் 2015இல் வெளிவந்த ஷிம்மர் மைகள், அதாவது மினுங்கும் துகள் கலந்த மைகள். இப்படியான மைக்கு விலைகூடிய ஜப்பானியக் கடதாசி வேண்டும், சாதாரணக் கொப்பியில் எழுதினால் மை வீண் என்று கேள்விப்பட்டிருந்ததே தயக்கத்துக்குக் காரணம். கடைசியில் மச்சாளின் பையிலிருந்தே டொமோ ரிவர் என்ற அந்த ஜப்பானியத் தாள் கொண்ட ஒரு சிறு கொப்பியும் வெளிப்பட்டதால், வீட்டில் கிடந்த கடதாசிகளையெல்லாம் அதற்குப் பக்கத்தில் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எழுதிப் பார்த்தேன்.

முதலில் மையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவ்வகை மைகளில் மினுங்குவது பெரும்பாலும் உலோக ஒக்சைட்டு பூசிய அபிரகத் துகள்கள். நீரைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதலான அடர்த்தி உள்ளதால், போத்தல் சும்மா இருந்தால் அவை அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு முறையும் நிரப்புமுன் மெதுவாகக் குலுக்க வேண்டும், பேனைக்குள் போன பிறகும் எழுதுமுன் அதை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொள்ள வேண்டும். எர்பனின் மையில் இதற்கு மேலதிகமாக இன்னொன்றும் உண்டு. நீலப்பச்சை மை காயும்போது சாயத்தின் ஒரு பகுதி கடதாசியின் மேல் மெல்லிய படலமாகத் தங்கி, சாய்த்துப் பார்க்கையில் செம்பு போன்ற சிவப்பைக் காட்டுகிறது. இதற்கு ஷீன் என்று பெயர். தங்கத் துகளும் செம்படலமும் ஒரே எழுத்தில் சேர்ந்து தெரிவதால் இரண்டையும் ஒன்றென்றே நானும் நினைத்திருந்தேன்.

எல்லாக் கடதாசியிலும் ஒரே அளவு மை விழ வேண்டும் என்பதற்காகக் கண்ணாடிப் பேனையால் தொட்டுத் தொட்டு எழுதினேன். சதுர மீற்றருக்கு 52 கிராம் மட்டுமே நிறையுள்ள டொமோ ரிவர் தாளில் எல்லோரும் சொன்னது அப்படியே நடந்தது: மை உள்ளே இறங்காமல் மேலேயே நின்று, ஆறுதலாகக் காய்ந்து, சிவப்பும் தங்கமும் ஒருங்கே காட்டியது. ரோடியா என்ற பிரெஞ்சுக் கொப்பியின் 80 கிராம் தாளில் சிவப்புச் சற்றுக் குறைவு, ஆனால் வரிகள் கூர்மை. போட்டோகொப்பித் தாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, சுமார்.

என்னை வியக்கவைத்தது பாடசாலைக் காலத்திலிருந்து பழகிய 160 பக்க சி.ஆர். கொப்பிதான். மை நார்வழியே ஓடி எழுத்தின் ஓரமெல்லாம் பூனைமீசை போலப் படர்ந்தது, பின்பக்கத்துக்கும் ஊறியது, இது எதிர்பார்த்ததே. சிவப்புப் படலம் அடியோடு காணாமற்போயிற்று. ஆனால் தங்கத் துகள்கள் போகவில்லை. சாயம் நீரில் கரைந்திருப்பதால் நாருக்குள் இறங்கிவிடுகிறது. அபிரகத் துகளோ கரையாத சிறு செதில், கடதாசியின் நுண்துளைக்குள் நுழைய முடியாமல் மேலேயே தங்கிவிடுகிறது. வழுவழுப்பான தாளில் செதில்கள் தட்டையாகப் படுத்து ஒரே கோணத்தில் மின்னுகின்றன, கொப்பித் தாளிலோ நாருக்கு நார் வேறு வேறாகச் சாய்ந்து கிடந்து மாவு தூவியதுபோல் மங்கலாக மினுங்குகின்றன. ஆகவே நல்ல கடதாசி இல்லாவிட்டால் மை வீண் என்ற பேச்சில் பாதிதான் உண்மை. வீணாவது ஷீன், ஷிம்மர் தப்பிவிடுகிறது.

உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தபோது இன்னொன்றையும் கவனித்தேன். துகள்கள் எழுத்து முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. பேனை நின்று எழும்பும் இடத்தில் தேங்கும் சிறு துளியிலேயே கூடுதலாகச் சேர்கின்றன. தமிழில் அந்த இடம் பெரும்பாலும் மெய்யெழுத்தின் புள்ளி. ‘கண்ணாடித் தண்ணீர்’ என்று எழுதிய வரியில் எழுத்துகள் வெறும் நீலப்பச்சையாக இருக்க, புள்ளி ஒவ்வொன்றும் நடுவில் தங்கமும், டொமோ ரிவர் தாளில் சுற்றிவரச் செவ்விளிம்புமாக மூக்குத்திக்கல் போல நின்றது. புள்ளியே வைக்காத ஓலைச்சுவடிக் காலத்தவர்களுக்கு இந்த மை கொடுத்துவைக்கவில்லை.

வெளிச்சமும் முக்கியம். டியூப் லைட்டின் கீழ் இரண்டு மைகளும் சாதாரண மைகளே. மாலை நாலரைக்குக் கடற்பக்க யன்னல் வழியாகச் சாய்வாக வெயில் விழுந்தபோதுதான் புளூ லைட்னிங்கின் வெள்ளித் துகள்கள் கண்விழித்தன.

கொழும்பின் ஈரக்காற்று வேறு தன் பங்குக்குக் கெடுத்தது. டொமோ ரிவர் தாளில் எழுதிய சிவோர் மறுநாளும் விரலில் நீலப்பச்சையாக ஒட்டியது. செம்படலம் அழகுதான், ஆனால் அது மேலேயே கிடக்கும் சாயம். ஈரம் பட்டால் மீண்டும் இளகிவிடும். புறக்கோட்டையில் வாங்கிக் கிடந்த ட்ரேசிங் தாளையும் விட்டுவைக்கவில்லை. அதில் கிடைத்த சிவப்பு டொமோ ரிவரையும் மிஞ்சியது. ஆனால் தாள் அப்பளம்போல் நெளிந்ததுடன், காய்வதற்குள் நான் பொறுமையிழந்துவிட்டேன்.

பேனைக்கு வந்தால், அகன்ற முனையுள்ள லாமி சபாரியில் சிவோரை நிரப்பி, இரண்டு கிழமை மறந்துபோய் வைத்திருந்தது என் பிழை. முனையில் மை உறைந்து ஒரு கோடுகூட விழவில்லை. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்த தண்ணீரில் ஊறவைத்து, திரும்பத் திரும்ப உறிஞ்சித் தள்ளியும், தண்ணீர் நிறம் தெளிந்த பிறகும்கூடத் தங்கத் துகள் வந்துகொண்டேயிருந்தது. “என்ன பிள்ளை, சிங்கெல்லாம் மினுங்குது?” என்று அம்மா கேட்டபோது, மை என்றேன். “மை கறுப்பாயெல்லோ இருக்கும்” என்று சொல்லிவிட்டுத் தேங்காய்ப்பொச்சை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

இப்போது சிவோரைப் பேனைக்குள் விடுவதில்லை. கண்ணாடிப் பேனையும் ரோடியாத் தாளும் கடிதத்தில் பெயர் எழுதும் வரிக்கு மட்டும். லாமியில் புளூ லைட்னிங்கை நிரப்பி சி.ஆர். கொப்பியில் கடைக் கணக்கு எழுதுகிறேன். உப்பு, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாவற்றின் புள்ளிகளும் வெள்ளியாக மினுங்குகின்றன.