கெர்னல் நெட்வொர்க் நிரலில் பிழை தேடுவது பற்றி

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நெட்வொர்க் பகுதியில், கணினியையே நிறுத்திவிடும் பிழைகளைவிட, எல்லாம் ஒழுங்காக ஓடுவதுபோல் தோன்றும்போது ஏதோ ஒரு கவுன்ட்டர் மட்டும் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும் பிழைகளே எனக்கு அதிகத் தொல்லை தந்திருக்கின்றன. கெர்னல் பேனிக் ஆனால், அதாவது மீள முடியாத பிழையால் நின்றுவிட்டால், எந்த ஃபங்ஷனில் விழுந்தது என்று சொல்லும் ஸ்டாக் டிரேஸாவது கையில் கிடைக்கும். ஒரு பாக்கெட் தவறாகக் கையாளப்பட்டு வீசப்பட்டாலோ, தரவு போய்ச் சேர்வதை உறுதிசெய்யும் டிசிபி நெறிமுறை அதை மறுபடி அனுப்பிக் குறையை மூடிவிடும். பயன்படுத்துபவருக்கு வேகம் சற்றுக் குறைந்ததாகப் படுமே தவிர, எதுவும் கெட்டுப்போனதாகத் தெரியாது. அப்படிப்பட்ட பிழைகள் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

இவற்றைத் தேடும்போது நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்த வரியை கெர்னல் செயல்படுத்தும் கணத்தில் இந்தப் பாக்கெட் யாருடைய பொறுப்பில் இருக்கிறது, அதன் பைட்டுகள் நினைவகத்தில் எங்கே இருக்கின்றன? சாதாரண நிரலில் இந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் வெளிப்படையாக இருக்கும். கெர்னலில் அப்படி இல்லை.

லினக்ஸில் ஒவ்வொரு பாக்கெட்டும் எஸ்கேபி என்று அழைக்கப்படும் ஒரு ஸ்ட்ரக்சரின் வழியாகத்தான் பயணிக்கிறது. அதில் ஹெட், டேட்டா, டெய்ல், எண்ட் என்று நான்கு எல்லைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு ஹெடரை, அதாவது முகவரி முதலிய விவரங்கள் கொண்ட முன்பகுதியை, சேர்க்கும்போது டேட்டாவின் முகவரியைச் சுட்டும் பாயிண்டர் பின்னோக்கி நகர்கிறது, ஹெடரைக் கழற்றும்போது முன்னோக்கி நகர்கிறது. பைட்டுகளை இடம் மாற்றாமலேயே ஒரு பாக்கெட் எல்லா அடுக்குகளையும் கடந்துவிட முடிவது இதனால்தான். ஹெட்டுக்கு முன்னாலோ எண்டுக்குப் பின்னாலோ தாண்டினால் கெர்னல் அந்த இடத்திலேயே பேனிக் ஆகும். அது எளிதில் பிடிபடுகிற பிழை. சிக்கல் அதற்கப்பால் தொடங்குகிறது. பாக்கெட்டின் எல்லாப் பைட்டுகளும் ஒரே தொடர்ச்சியான இடத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை: முதல் சில பைட்டுகள் மட்டும் லீனியர் பகுதியில் இருக்கும், மீதி தனித்தனிப் பேஜ்களின் துண்டுகளில் இருக்கும். ஒரே பைட்டுகளை இரண்டு எஸ்கேபிகள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. டிசிபி, மறு அனுப்பலுக்காக அசல் எஸ்கேபியைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு, அதே பைட்டுகளைப் பகிரும் அதன் க்ளோனைத்தான் கீழே அனுப்புகிறது. கீழேயுள்ள ஒரு நிரல் தன் கைக்கு வந்த பாக்கெட்டின் உள்ளடக்கத்தை நகலெடுக்காமல் திருத்தினால், மறு அனுப்பலுக்காகக் காத்திருக்கும் தரவும் சேர்ந்தே மாறிப்போகும். அந்தத் தவறு வெளிப்படுவது, எப்போதோ ஒரு பாக்கெட் தொலைந்து மறுபடி அனுப்பப்படும்போது மட்டுமே.

என்னிடம் வந்த ஒரு டனல் மாட்யூலின் கதையை இங்கே விரிவாகச் சொல்வது பொருத்தமாக இருக்கும். ஐபி பாக்கெட்டுகளை யுடிபி என்ற எளிய நெறிமுறையின் பாக்கெட்டுகளுக்குள் பொதிந்து அனுப்பி, மறுமுனையில் பிரித்தெடுக்கும் மாட்யூல் அது. சோதனைக் கணினிகளில் எந்தக் குறையும் இல்லை. உண்மையான நெட்வொர்க் கார்டுகளில் சுமை ஏறும்போது மட்டும், டனல் சாதனத்தின் ஃப்ரேம் எர்ரர் கவுன்ட்டர் ஓரிரண்டாக ஏறியது. நிரலில் அந்தக் கவுன்ட்டரை ஏற்றும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: வெளி ஹெடரில் நெரிசல் குறி இருந்து, உள் பாக்கெட் நெரிசல் அறிவிப்பை ஏற்காத வகையாக இருந்தால், ஆர்எஃப்சி 6040 என்ற இணையத் தரநிலை ஆவணம் சொல்கிறபடி அதை வீசிவிடும் இடம். ஐபிவி4 ஹெடரின் இரண்டாவது பைட்டின் கடைசி இரண்டு பிட்டுகளில்தான் இந்தக் குறி இருக்கிறது. இரண்டும் 1 என்றால் வழியில் நெரிசல் என்று பொருள்.

ஆனால் பாக்கெட்டுகளைப் பதிவுசெய்யும் டிசிபிடம்ப் கருவியில் பிடித்த பாக்கெட்டுகளில், வெளி ஹெடரின் அந்தப் பிட்டுகள் ஒன்றில்கூட 1 ஆக இல்லை. கம்பியில் வந்தது ஒன்று, நிரல் படித்தது வேறொன்று. இந்த முரண்பாடு கிடைத்ததும் தேட வேண்டிய எல்லை மிகவும் சுருங்கிவிட்டது. பழுது சுவிட்சிலோ ரௌட்டரிலோ இல்லை, பாக்கெட் கெர்னலுக்குள் நுழைந்ததற்கும் அந்த ஒரு ஒப்பீட்டிற்கும் இடையில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் டிசிபிடம்ப் எதைக் காட்டுகிறது என்பதைத் தெளிவாக அறிந்திருப்பது அவசியம், ஏனென்றால் பலர் அதைக் கம்பியின் நேரடிக் காட்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே வரும் பாக்கெட்டை அது ஃபயர்வாலுக்கு முன்பும், வெளியே போகும் பாக்கெட்டை ஃபயர்வாலையும் அனுப்பும் வரிசையையும் கடந்த பின்பும் பார்க்கிறது. டிரைவரிலேயே எக்ஸ்டிபி (பாக்கெட் வந்தவுடன் ஓடும் சிறு நிரல்) வீசிவிட்ட பாக்கெட்டை அது பார்ப்பதே இல்லை. எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500 பைட்டாக இருக்கும் சாதனத்தில் 64 கிலோபைட்டை நெருங்கும் பாக்கெட்டுகள் அதில் தெரிவதும், வெளியே போகும் பாக்கெட்டுகளின் செக்சம் (பிழை சரிபார்ப்பு எண்) தவறு என்று அது குறிப்பதும் பிழைகள் அல்ல. பிரிப்பதையும் செக்சம் கணக்கிடுவதையும் கெர்னல் கார்டிடம் ஒப்படைத்திருக்கிறது, அந்த வேலை இன்னும் நடக்கவில்லை, அவ்வளவுதான். இதை அறியாமல் செக்சம் பிழையைத் துரத்தி நாள்களைச் செலவிடுபவர்களைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

மாட்யூலின் பெறும் ஃபங்ஷனைப் படித்தபோது, தொடக்கத்தில் வெளி ஐபி ஹெடரின் முகவரியை ஒரு லோக்கல் பாயிண்டரில் எடுத்து வைத்திருந்தார்கள். அதற்கு நான்கைந்து வரிகள் தள்ளி, உள் ஹெடர் முழுவதும் லீனியர் பகுதியில் இருப்பதை உறுதிசெய்ய 'பிஎஸ்கேபி மே புல்' என்ற ஃபங்ஷன் அழைக்கப்பட்டது. பிறகு பழைய பாயிண்டர் வழியாகவே நெரிசல் பிட்டுகள் படிக்கப்பட்டன. மேலோட்டமாகப் படிப்பவர் கண்ணுக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. அந்த ஃபங்ஷனின் பெயர், ஏதோ ஒரு நிபந்தனையைச் சரிபார்த்து ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்வது போன்ற தோற்றத்தைத் தருகிறது. உண்மையில், தேவையான பைட்டுகள் பேஜ் துண்டுகளில் இருந்தால் அவற்றை அது லீனியர் பகுதிக்கு இழுத்துவருகிறது. அங்கே இடம் போதாவிட்டாலோ, எஸ்கேபி ஒரு க்ளோனாக இருந்தாலோ, புதிய இடத்தை ஒதுக்கி எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிட்டுப் பழைய இடத்தின் மீதான தன் பிடியை விட்டுவிடுகிறது. வேறு யாரும் பிடித்திருக்காவிட்டால் பழைய இடம் அப்போதே விடுவிக்கப்படும். கையில் வைத்திருந்த பாயிண்டர் அதன்பின் யாருக்கும் சொந்தமில்லாத நினைவகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் பழைய பைட்டுகள் உடனே அழிவதில்லை. எனவே பெரும்பாலான வேளைகளில் சரியான மதிப்பே கிடைத்தது. சுமை ஏறி, அந்த இடம் மிகக் குறுகிய இடைவெளிக்குள் வேறொரு சிபியுவின் கைக்குப் போய், அங்கே புதிய பைட்டுகள் எழுதப்பட்டபோது மட்டும் அந்த இரண்டு பிட்டுகளும் தற்செயலாக 1 ஆகப் படிக்கப்பட்டன. கெர்னல் விழாததற்கும், கவுன்ட்டர் அவ்வளவு மெதுவாக ஏறியதற்கும் காரணம் இதுதான். சோதனைக் கணினிகளில் இது தோன்றாததற்கும் விளக்கம் கிடைத்துவிட்டது: இரண்டு நேம்ஸ்பேஸ்களை (ஒரே கணினிக்குள் பிரித்துவைத்த நெட்வொர்க்குகளை) இணைக்கும் வீத் ஜோடி என்ற மெய்நிகர் கம்பியில் அந்தச் சிறிய சோதனைப் பாக்கெட்டுகள் முழுவதும் லீனியராகவே வந்தன, எனவே புதிய இடம் ஒதுக்கும் பாதையை நிரல் ஒருமுறைகூடத் தொடவில்லை.

ஊகம் சரியாகத் தோன்றினாலும், கண்ணால் காணாமல் திருத்தத்தை அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. இதற்கு இரண்டு கருவிகள் துணை செய்தன. ஒன்று, 2015இல் வெளிவந்த கெர்னல் 4.0இலிருந்து இருக்கும் கேசன். நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 நிழல் பைட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படிப்பும் எழுத்தும் உயிருள்ள இடத்தில்தான் நடக்கிறதா என்று அது சரிபார்க்கிறது. மற்றொன்று, அண்மைக் காலத்தில் கெர்னலில் சேர்க்கப்பட்ட ஃபால்ட் இன்ஜெக்ஷன் வசதி: குறிப்பிட்ட சாதனத்தின் எஸ்கேபிகளுக்கு, தேவை இருக்கிறதோ இல்லையோ, மறு ஒதுக்கீட்டை அது கட்டாயப்படுத்துகிறது. இந்த வகைப் பிழைகளை வெளிக்கொணர்வதற்கென்றே உருவாக்கப்பட்ட அருமையான வசதி இது. தெரிந்திருக்க வேண்டிய அளவுக்குப் பலருக்குத் தெரியவில்லை. இரண்டையும் இயக்கி, கியூஎமு என்ற மெய்நிகர் கணினியில் அதே வீத் ஜோடியில் ஒரு பிங் அனுப்பினேன். சீரியல் கன்சோலில் கேசனின் அறிக்கை வந்தது: விடுவித்த பின் பயன்பாடு, படித்த அளவு 1 பைட். அதன் கீழே மூன்று ஸ்டாக்குகள் இருந்தன. தவறாகப் படித்த இடம் மாட்யூலின் பெறும் ஃபங்ஷன். ஒதுக்கிய இடம் அனுப்பும் பக்கத்தில். விடுவித்த இடமோ அதே பெறும் ஃபங்ஷன், சில வரிகள் மேலே. குற்றம் நடந்த வரியும் அதன் காரணமும் ஒரே ஃபங்ஷனுக்குள் அருகருகே இருப்பதை அந்த அறிக்கை அப்படியே காட்டியது.

திருத்தம் ஒரே வரிதான்: 'பிஎஸ்கேபி மே புல்' முடிந்த பிறகு ஐபி ஹெடரின் முகவரியைப் புதிதாக எடுத்துக்கொள்வது. எஸ்கேபிக்குள் நெட்வொர்க் ஹெடர் இருக்கும் இடம் முகவரியாக இல்லாமல், ஹெட்டிலிருந்து உள்ள தூரமாகவே சேமிக்கப்படுவதால், இடம் மாறிய பிறகும் அது சரியான ஹெடரையே தரும். கெர்னலை வடிவமைத்தவர்கள் இதை முன்பே எண்ணிப் பார்த்துத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். டனலில் வெளி ஹெடரைக் கழற்றும்போது அந்தத் தூரமும் மாற்றியமைக்கப்படும் என்பதால், எந்த இடத்தில் மறுபடி எடுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும்.

இதன்பின் சோதனைகளைப் பற்றிய என் எண்ணம் உறுதிப்பட்டது. வீத்தும் நேம்ஸ்பேஸும் மிகவும் பயனுள்ளவை, ஒரே கணினியில் ரௌட்டர்களையும் டனல்களையும் நொடியில் எழுப்பிவிடலாம், ஆனால் அவை உண்மையான கார்டைவிட மிகவும் இணக்கமானவை. வீத்தில் செக்சம் கணக்கிடப்படாமலேயே பாக்கெட் மறுமுனையில் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. எனவே செக்சத்தைத் தவறாக நிரப்பும் நிரலும் அங்கே தேர்ச்சி பெற்றுவிடும். ஈத்டூல் கருவி கொண்டு ஆஃப்லோடுகளை (கார்டிடம் ஒப்படைக்கும் வேலைகளை) அணைத்து ஒருமுறையும், அணைக்காமல் ஒருமுறையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நெட்எம் கொண்டு தாமதம், இழப்பு, வரிசை மாற்றம் ஆகியவற்றைச் சேர்த்து ஓட்டினால்தான் மறு அனுப்பல் பாதைகளும் சோதிக்கப்படும்.

பாக்கெட் எங்கே வீசப்பட்டது என்பதே தெரியாத வேளைகளில், நான் முதலில் பார்ப்பது கேஃப்ரீ எஸ்கேபி டிரேஸ்பாயிண்ட், அதாவது கெர்னல் நிரலிலுள்ள ஒரு கண்காணிப்புப் புள்ளி. தன் வேலை முடிந்து இயல்பாக விடுவிக்கப்படும் பாக்கெட்டுக்கும் வீசப்படும் பாக்கெட்டுக்கும் கெர்னல் வெவ்வேறு ஃபங்ஷன்களை வைத்திருக்கிறது. இந்தப் பிரிவினையை மதித்து எழுதப்பட்ட நிரலில் அந்த டிரேஸ்பாயிண்ட் வீசப்பட்டவற்றை மட்டும் காட்டும். 2022இல் வந்த கெர்னல் 5.17 முதல், வீசியதற்கான காரணமும் சேர்ந்தே பதிவாகத் தொடங்கியது. சொந்த மாட்யூல் எழுதுபவர்கள் சோம்பல் பார்க்காமல் ஒவ்வொரு வெளியேறும் பாதையிலும் உரிய காரணத்தைக் கொடுத்தால், பின்னால் வருபவர்களுக்குப் பெரும் உதவியாக இருக்கும்.

பிரிண்ட்கே போட்டு, அதாவது நிரலில் ஆங்காங்கே செய்திகளை அச்சிட்டு, தேடுவதை நான் குறைத்துக்கொண்டுவிட்டேன். பெறும் பாதை சாஃப்ட் ஐஆர்க்யூவில் (வன்பொருள் குறுக்கீட்டுக்குப் பின் தள்ளிவைத்துச் செய்யும் வேலையில்) ஓடுகிறது. கார்டிலிருந்து பாக்கெட்டுகளை எடுக்கும் நாப்பி முறையின் ஒரு போல் (poll) அழைப்பு பொதுவாக ஒரே சுற்றில் 64 பாக்கெட்டுகள் வரை எடுத்துக்கொள்ளும். அந்தப் பாதையில் சீரியல் கன்சோலுக்கு எழுதும் ஒவ்வொரு வரியும் நேரத்தை அவ்வளவு நீட்டிவிடுவதால், இரண்டு சிபியுக்களுக்கு இடையிலான போட்டியால் எழும் பிழை அப்படியே மறைந்துவிடும். நினைவகத்திலுள்ள ரிங் பஃபரில் எழுதும் டிரேஸ் பிரிண்ட்கேயோ, கெர்னலுக்குள் ஓடும் சிறு பிபிஎஃப் நிரலோ அந்தப் போட்டியை அவ்வளவாகக் கலைப்பதில்லை. லாக்குகளைப் பொறுத்தவரை, 2006 முதல் இருந்துவரும், லாக் எடுக்கும் முறையைச் சரிபார்க்கும் லாக்டெப்பை முழுமையாக நம்புகிறேன்: ப்ராசஸ் பக்கத்தில் ஸ்பின்லாக்கைப் பிஎச் இல்லாமல் (சாஃப்ட் ஐஆர்க்யூவைத் தடுக்காமல்) எடுத்து, அதே லாக்கைச் சாஃப்ட் ஐஆர்க்யூவிலும் எடுக்கும் நிரலை, உண்மையான டெட்லாக் (லாக்குக்காக முடிவின்றிக் காத்திருக்கும் முடக்கம்) ஒருமுறைகூட நடக்காமலே அது சுட்டிக்காட்டிவிடும்.

யாருடைய பொறுப்பில் என்ற அதே கேள்வி சாதனங்களுக்கும் பொருந்தும். நேம்ஸ்பேஸை அழிக்கும்போது, எல்ஓ (கணினி தன்னோடு தானே பேசும் லூப்பேக்) சாதனம் விடுபடக் காத்திருப்பதாகவும் அதன் பயன்பாட்டு எண்ணிக்கை 1 என்றும் கெர்னல் 10 வினாடிக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். யாரோ ஒரு ரெஃபரன்ஸை எடுத்துவிட்டுத் திருப்பித் தரவில்லை, ஆனால் யார் என்று அந்தச் செய்தி சொல்வதில்லை. முன்பெல்லாம் ரெஃபரன்ஸ் எடுக்கும் ஒவ்வோர் இடத்தையும் நிரலில் தேடிப் படிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அதே 5.17இல் சேர்ந்த ரெஃபரன்ஸ் டிராக்கரை இயக்கி கெர்னலைக் கட்டினால், திரும்பாத ரெஃபரன்ஸ் எந்த ஸ்டாக்கில் எடுக்கப்பட்டதோ அதை அது அச்சிட்டுவிடும். டிராக்கரோடு எடுக்கும் ஃபங்ஷன்களை நம் மாட்யூலும் பயன்படுத்தியிருந்தால், தேடல் அந்த ஸ்டாக்கின் முதல் சில வரிகளிலேயே முடிந்துவிடும்.