லேகியம் என்றால் சரி, கஞ்சா என்றால் பொலிஸ்

களுவாஞ்சிகுடியில் என் பெரியம்மா, பரியாரியார் கொடுக்கும் லேகியத்தில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை, முழங்கால் நோவு குறைந்தால் போதும் என்பார். ஆனால் டிவியில் கஞ்சா ஏற்றுமதி பற்றிச் செய்தி வந்தால் "நாடு நாசமாப் போச்சு" என்று ரிமோட்டைத் தேடுவார்.

இலங்கைச் சட்டமும் பெரியம்மா மாதிரித்தான். 1929ஆம் ஆண்டுப் போதைப்பொருள் கட்டளைச் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பதே குற்றம், 1961இன் ஆயுர்வேதச் சட்டமோ வைத்தியர்கள் கஞ்சா சேர்த்து லேகியம் போன்ற மருந்து செய்ய வழி விடுகிறது. 2022 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில், ஏற்றுமதிக்குப் பயிரிடலாமா என்று ஆராய நிபுணர் குழு அமைப்பதாகச் சொன்னார்கள். டொலர் இல்லாத நேரம், எல்லோருக்கும் திடீரென மூலிகை ஞானம் பிறந்துவிட்டது!

இத்தனைக்கும் 2020 டிசம்பரிலேயே ஐநா போதைப்பொருள் ஆணைக்குழு, 27க்கு 25 என்ற வாக்குகளில், மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்துவிட்டது. அதற்கும் முன்பே, 2018இல், எபிடயோலெக்ஸ் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கஞ்சாச் செடியில் உள்ள சிபிடி என்ற இரசாயனப் பொருளிலிருந்து செய்யும் திரவம், சிறுவயதில் தொடங்கும் சில கடுமையான வலிப்பு நோய்களுக்குக் கொடுப்பார்கள், சுருட்டிப் புகைப்பது போலப் போதை ஏறாது.

இதைச் சொன்னதும் பெரியம்மா, "அப்ப அதை ஆஸ்பத்திரியில தருவாங்களாடா?" என்றார். ஏற்றுமதி பற்றிப் பேசுகிறவர்களிடம் நானும் அதைத்தான் கேட்கிறேன்.