ஃப்ளாரன்ஸுக்குத் துணி படிக்கப் போகிறவர்களுக்கு

போன மார்ச்சில் பன்னிரண்டு நாள் படிப்புக்காக இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகருக்குப் போய் வந்தேன். ஜவுளி வடிவமைப்பு மூன்றாம் ஆண்டு. பாடம் இத்தாலிய ஆடை, ஜவுளி வரலாறு. திரும்பி வந்ததிலிருந்து ஜூனியர்கள் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் விசா. 90 நாளுக்குள் முடிகிற படிப்பென்றால் குறுகிய கால ஷெங்கன் விசா போதும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி மாதம் வரை இழுக்காதீர்கள். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், தங்கும் நாள் முழுவதற்கும் இருக்க வேண்டும். நான் திரும்பும் நாளைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டு மறுபடி அலைந்தேன். தப்பு என்னுடையதுதான்.

அடுத்தது, "ஃபேஷன் நகரம் மிலனுக்குப் போகலையா?" போகவில்லை. பன்னிரண்டு நாளில் மிலன், வெனிஸ், கோமோ, ரோம் என்று திட்டம் போட்டால் ரயிலைத்தான் படித்துவிட்டு வருவீர்கள். எங்கள் குழுவில் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிலனுக்கு ஓடினார்கள். கடைக் கண்ணாடிகளைப் படமெடுத்துக்கொண்டு நள்ளிரவில் திரும்பினார்கள். நான் ஃப்ளாரன்ஸிலும் பக்கத்து ஊரான பிராத்தோவிலும் மட்டும் சுற்றினேன். அதற்கே நாள் போதவில்லை.

ஃப்ளாரன்ஸில் அருங்காட்சியகத்துக்கு முன்னால் தெருப் பெயர்களைப் படியுங்கள். 'கோர்சோ தெய் தின்தோரி' என்றால் சாயக்காரர் தெரு. 'வியா தெய் சிமதோரி' கம்பளியின் மேல்மயிரைக் கத்தரித்துச் சமன் செய்கிறவர்களின் தெரு. 'கலிமாலா' ஒரு பெரிய வணிகர் சங்கத்தின் பெயர். பிரான்ஸ், ஃபிளாண்டர்ஸ் பக்கமிருந்து முரட்டுக் கம்பளித் துணியை வாங்கி வந்து, சாயமேற்றி, மெருகேற்றி விற்றவர்கள் இவர்கள். ஓர்சன்மிக்கேலே தேவாலயத்தின் வெளிச்சுவரைச் சுற்றிச் சிலை வைக்கும் 14 மாடங்கள், பெரும்பாலும் சங்கத்துக்கு ஒன்றாக. பக்கத்திலேயே கம்பளிச் சங்கத்தின் கட்டடம், அதன் சின்னம் கொடி பிடித்த ஆட்டுக்குட்டி.

மாடத்தில் இடம் கிடைக்காதவர்களும் இருந்தார்கள். கம்பளியைச் சிக்கெடுத்த, அலசிய கூலிக்காரர்களுக்குச் சங்கம் வைக்கவே உரிமையில்லை. 1378 கோடையில் அவர்கள் எழுந்து நகர ஆட்சியைப் பிடித்தார்கள். மிக்கேலே தி லாண்டோ என்ற கம்பளித் தொழிலாளி ஆட்சித் தலைமைக்கு வந்தார். சில வாரங்கள்தான். ஆகஸ்ட் கடைசியில் அவர்களை முறியடித்து, கடைநிலைத் தொழிலாளிகளின் சங்கத்தைக் கலைத்துவிட்டார்கள். 'சியோம்பி' கலகம் என்ற இந்தப் பெயரை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆடை வரலாறு என்று பேச ஆரம்பித்தால் உடுத்தினவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம்.

கடைசியில் எட்டுப் பக்கக் களக் குறிப்பும் பத்து நிமிடப் பேச்சும் கொடுக்க வேண்டும். நான் எழுதிக் கொண்டுபோன தலைப்பு 'இத்தாலிய ஃபேஷன் வரலாறு'. பேராசிரியர் பார்த்துவிட்டு, "இது தலைப்பு இல்லை, ஒரு நூலகம்" என்றார். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் திங்கட்கிழமை. உஃபிட்சி ஓவியக்கூடமும் பிட்டி அரண்மனை அருங்காட்சியகங்களும் திங்களன்று மூடியிருக்கும் (குறித்துக்கொள்ளுங்கள்). வேறு வழியில்லாமல் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். முகப்பின் உச்சியில், கட்டப் பணம் கொடுத்தவரின் பெயர் பெரிய லத்தீன் எழுத்தில், 1470 என்ற ஆண்டோடு இருக்கிறது. ஜொவான்னி ருச்செல்லாய். லத்தீனில் அந்தக் குடும்பப் பெயர் 'ஒரிசெல்லாரியுஸ்'. அது 'ஒரிச்செல்லோ' என்ற ஊதாச் சாயத்திலிருந்து வந்தது. சாயம் எதிலிருந்து? பாறையில் படரும் லைக்கன். நம் வீட்டில் குருமாவுக்குப் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். அதைச் சிறுநீரில் ஊறப் போட்டால் நிறம் இறங்கும். மூத்திரத்தில் ஊறிய பாசி ஒரு குடும்பத்துக்குப் பெயரையும் பணத்தையும் கொடுத்து, கோயில் முகப்பிலும் ஏறியிருக்கிறது! தலைப்பு கிடைத்துவிட்டது. நீங்களும் இவ்வளவு சின்னதாக ஒன்றைப் பிடியுங்கள், ஒரு சாயம், ஒரு பொத்தான், ஒரு தெரு. பெரியதெல்லாம் தானாக உள்ளே வரும்.

எங்கள் வீடு ஆரணியில். அம்மா பட்டுத் தறிக்குப் பாவு (நீளவாட்டு இழை) பிணைக்கிறவர். சாம்பலைத் தொட்டுக்கொண்டு இழையோடு இழையை முறுக்கும் வேலை. உஃபிட்சியிலுள்ள, ஓவியர் புரொன்சீனோ வரைந்த, ஃப்ளாரன்ஸ் கோமகனின் மனைவி எலியனோரா தி தொலேதோவின் ஓவியத்தை அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். வெள்ளைப் பட்டில் கறுப்பு வெல்வெட் கொடிகள், நடுவில் மாதுளை, அதற்குள் சரிகையைச் சின்னச் சின்னச் சுருளாக எழுப்பியிருப்பதுகூடத் தெரிகிறது. அம்மாவின் பதில்: "நல்லாத்தான் இருக்கு. பின்னாடி எப்படி இருக்கு, அதைக் காட்டு."

ஓவியத்துக்கு ஏது பின்பக்கம்! ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வந்துவிட்டது. எலியனோரா 1562இல் இறந்தார். ஓவியத்திலுள்ள அதே உடையில்தான் அடக்கம் செய்தார்கள் என்று நெடுங்காலம் நம்பினார்கள். கல்லறையிலிருந்து எடுத்த துணித் துண்டுகளைப் பல வருடம் சுத்தம் செய்து சேர்த்துப் பார்த்தபோது, அது வெல்வெட் பட்டை வைத்த எளிமையான சாட்டின் உடை, வேறு உடை. அந்த உடை பிட்டி அரண்மனையின் ஆடை அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். துணி வெளிச்சத்தில் கெடும் என்பதால் காட்சிப் பொருள்களை மாற்றி மாற்றி வைப்பார்கள். போகும் முன் என்ன காட்சியில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே விளக்கும் மங்கல்தான், 50 லக்ஸ் அளவில். செல்போன் படம் கறுப்பாக வரும். பென்சிலும் நோட்டும் எடுத்துப் போங்கள். வரைந்தால் மடிப்பு எங்கே, தையல் எங்கே என்று கண் தானாகத் தேடும்.

அதே அரண்மனையின் வெள்ளை மண்டபத்தில் 1952 முதல் ஜொவான்னி பத்திஸ்தா ஜொர்ஜீனி என்ற வணிகர் ஆடை அணிவகுப்புகள் நடத்தினார். முந்தைய ஆண்டு பிப்ரவரியில் தன் வீட்டிலேயே அமெரிக்கக் கடைக்காரர்களை வரவழைத்து ஆரம்பித்தது அது. காலணி வடிவமைப்பாளர் ஃபெர்ரகாமோவின் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் போதும். எத்தியோப்பியப் போருக்குப் பிறகு நல்ல எஃகு கிடைக்காமல் போனபோது அவர் கார்க்கில் குதிகால் செய்த கதையை மட்டும் விடாதீர்கள்.

பிராத்தோவுக்கு ரயிலில் அரை மணி நேரம். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை போட வேண்டும். நான் போடாமல் ஏறி அபராதம் கட்டினேன். பழைய கம்போல்மி ஆலைக்குள் ஜவுளி அருங்காட்சியகம் இருக்கிறது. பிராத்தோ வாழ்ந்தது கந்தலில். உலகெங்குமிருந்து வந்த பழைய கம்பளியைக் கையாலேயே நிறம் நிறமாகப் பிரித்து, கிழித்து, மறுபடி நூலாக்குவார்கள். நிறம் பிரித்துவிட்டால் புதுச் சாயம் பெரிதாகத் தேவைப்படாது. பழந்துணியை மறுபடி நூலாக்கும் நம் பானிபட்டைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

கடைசிக்கு முந்தின நாள் சான் ஃப்ரெதியானோ பகுதியிலுள்ள 'அந்திகோ சேதிஃபீச்சியோ' பட்டறை. 1786இலிருந்து பட்டு நெய்கிறார்கள். முன்பதிவு செய்துதான் போக முடியும். அங்கே பாவு ஓட்டும் ஓர் இயந்திரம், ஆள் உயரத்தைத் தாண்டிய மரக் கூண்டு. லியனார்டோ டாவின்சி வரைந்த படத்தை ஒட்டிச் செய்தது என்கிறார்கள். சுற்ற ஆரம்பித்ததும் இழைகள் கூண்டின் மேல் சாய்வாக ஏறி இறங்கின. விளக்கிச் சொன்ன பெண்மணியிடம் தயங்கித் தயங்கி டமாஸ்க் என்ற பூவேலைத் துணி ஒன்றைப் புரட்டிக் காட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே புரட்டினார். முன்னால் பளபளத்த பூ பின்னால் மங்கல், மங்கலாக இருந்த தரை பளபளப்பு. தொங்கும் இழை ஒன்றுகூட இல்லை.

இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். வெகு நேரம் பதில் இல்லை. அப்புறம், "சுத்தமான வேலை. மீட்டர் என்ன விலையாம்?"

யூரோவில் சொன்னேன். ரூபாயில் சொல்லவில்லை.